வியப்பும் பாராட்டும்: ஸ்பானியர் வாயிலும் நம் வாயிலும்

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடம். பிறகு செம்பனை வந்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தி தன் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்தின் அடியில் ஆசிரியை சிவப்பு மையினால் மலாயில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. சிவப்பு மையைக் கண்டதும் பயந்துபோய், "என்னம்மா, திட்டி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். பேத்தி எழுத்துக் கூட்டி, "சியாபாஸ்" என்று படித்தாள். பாட்டியின் முகம் மலர்ந்தது. "அட! சபாஷா? இது நம்ம சொல்லாச்சே!" என்றார்.

அது நம் சொல்தானா, மலாய்க்காரர் சொல்லா? அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு மனிதன் இன்னொருவனைக் கண்டு வியக்கும்போதும் பாராட்டும்போதும் வாயிலிருந்து வருகிற சொற்கள் எங்கிருந்து வருகின்றன, எப்படி ஊர்விட்டு ஊர் போகின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு நம்மை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஸ்பானிய மக்களைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். "ஸ்பெயினுக்கும் நமக்கும் என்ன ஐயா உறவு?" என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மற்றொன்று உங்கள் பாட்டன் பாட்டி வாளியில் சுமந்தது.

முதலில் சட்டைப் பையைப் பார்ப்போம். சம்பளத்தைச் சொல்லும்போது நாம் "வெள்ளி" என்கிறோம். காகித நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று எண்ணுகிறோம். ஏனென்றால் அந்த நாளில் இந்தக் கரையில் புழங்கியது உண்மையாகவே வெள்ளிக் காசு. அது ஸ்பானியரின் காசு. மெக்சிகோவிலும், இன்று பொலிவியா என்று வழங்கும் நாட்டின் போத்தோசி மலையிலும் வெட்டியெடுத்த வெள்ளியை நாணயமாக அடித்தார்கள். 1565 முதல் 1815 வரை ஏறக்குறைய 250 ஆண்டுகள் பெரிய பாய்க்கப்பல்கள் அதை மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக் கடல் தாண்டி மணிலாவுக்குக் கொண்டுவந்தன. அங்கிருந்து அந்த நாணயம் சீனத்துக்கும் நம் மலாக்கா நீரிணைக்கும் பரவியது.

1800 ஆம் ஆண்டில் பினாங்கின் ஆங்கிலேய ஆட்சியாளர் சர் ஜார்ஜ் லீத், கெடா சுல்தானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி பினாங்குக்கு எதிரே உள்ள நிலப்பகுதி, அதாவது கெப்பாலா பத்தாஸ் அமைந்திருக்கும் இந்தச் செபராங் பிறை, கம்பெனியார் கைக்குப் போயிற்று. தீவுக்கும் இந்த நிலத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி கொடுப்பதாக ஒப்பந்தம். கெப்பாலா என்றால் தலை, பத்தாஸ் என்றால் வரப்பு. வயல் வரப்பின் தலைமாட்டில் பிறந்த இந்த ஊரின் மண்ணுக்கு ஒரு காலத்தில் ஸ்பானியக் காசில் விலை பேசினார்கள்.

அந்தக் காசின் விளிம்பை நாம் கவனிக்க வேண்டும். பழைய கைவேலைக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவது எளிது. 1732 ஆம் ஆண்டிலிருந்து மெக்சிகோவில் இயந்திரத்தால் அடித்த காசுகளுக்கு ஓரத்தில் வேலைப்பாடு வைத்தார்கள். சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். மலாய் மக்கள் அந்தக் காசைக் கையில் உருட்டிப் பார்த்துப் பல்பல்லாக இருக்கிறதே என்று வியந்திருக்க வேண்டும். பல்வெட்டு உடையது என்ற பொருளில் அதற்கு "ரிங்கிட்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1975 ஆம் ஆண்டில் ரிங்கிட் என்பதே நம் நாட்டு நாணயத்தின் அதிகாரப் பெயராயிற்று. மலாய்க்காரர் கண் ஓரத்தைப் பார்த்தது. தமிழன் கண் உலோகத்தைப் பார்த்தது. ஒரே காசுக்கு இரண்டு பெயர்.

இனி வாளிக்கு வருவோம். நம்மை இந்நாட்டுக்கு இழுத்து வந்த பயிர் எது என்றால் ரப்பர் என்போம். இந்தச் செபராங் பிறையில் அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் நம் வாழ்க்கையை ஆண்டது பால்மரந்தான். அந்தப் பாலை ஐரோப்பியர் முதன்முதலில் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? டயராக அல்ல, கையுறையாக அல்ல. பந்தாகக் கண்டார்கள்.

கொலம்பஸுக்குப் பின்னால் கடல் கடந்துபோன ஸ்பானியர்கள் மேற்கிந்தியத் தீவுகளிலும் மெக்சிகோவிலும் அந்நாட்டு மக்கள் ஒரு கறுத்த பந்தை வைத்து விளையாடுவதைக் கண்டார்கள். ஸ்பெயினில் அப்போது இருந்த பந்து, தோலுக்குள் காற்றடைத்தது. அது கொஞ்சம் எழும்பும், பிறகு படுத்துவிடும். இந்தப் பந்தோ, கையிலிருந்து நழுவவிட்டாலே துள்ளி எழுந்தது. மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. ஓவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1535 ஆம் ஆண்டில் வெளியான தமது பெரிய நூலில் இந்த விளையாட்டை விளக்கி, காற்றடைத்த பந்துகளைவிட இவை எவ்வளவு அதிகமாக எழும்புகின்றன என்று எழுதிவைத்தார். உயிரில்லாத ஒரு பொருள் தானாகத் துள்ளினால் யாருக்குத்தான் வியப்பு வராது!

அதற்கு முன்பே, 1528 ஆம் ஆண்டில், மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தேஸ் அந்நாட்டுப் பந்தாட்டக்காரர்கள் சிலரை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்று பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனையில் ஆடிக் காட்டச் செய்தார். கையால் எறிவதில்லை, காலால் உதைப்பதில்லை. இடுப்பாலும் பிட்டத்தாலும் தட்டி ஆடுவது அந்த ஆட்டம். கிறிஸ்டோஃப் வைடிட்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் 1529 ஆம் ஆண்டளவில் அவர்களை வரைந்துவைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. இருவர் எதிரெதிரே குனிந்து நிற்க, நடுவே ஒரு பந்து.

அந்தப் பந்துக்குரிய மரம் வேறு, நம் பால்மரம் வேறு. நம்முடையது அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்கு அனுப்ப, அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆனால் தொழில் ஒன்றே. மெக்சிகோ மக்கள் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, ஒருவகைத் தாளிக்கொடியின் சாற்றைக் கலந்து உறைய வைத்தார்கள். அந்தச் சாறு சேர்ந்தால்தான் பந்துக்கு அந்தத் துள்ளல் வரும் என்பதை 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். நம் தோட்டத்து ஸ்டோரில் திராவகம் ஊற்றிப் பாலை உறைய வைத்தது நினைவுக்கு வருகிறதா? அந்நாட்டார் தங்கள் மொழியில் அந்தப் பொருளை "ஒல்லி" என்றார்கள். ஸ்பானியர் வாயில் அது "ஊலே" ஆயிற்று. மெக்சிகோவில் இன்றும் ரப்பருக்கு அதுதான் பெயர்.

பேரரசர் சபையே வாய்பிளந்து பார்த்த அந்தப் பந்தை நம் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே செய்தார்கள். வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும் பந்து தயார். நானும் செய்திருக்கிறேன். நாற்றம் மட்டும் கையை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

சரி, வியந்துபோன ஸ்பானியன் வாயில் என்ன சொல் வரும்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் பிறந்தது. அழகான ஒன்றைக் கண்டால் அவன் "கே போனீத்தோ!" என்கிறான். போனீத்தோ என்றால் அழகானது. கே என்றால் "என்ன". ஆக, "என்ன அழகு!" அற்புதம் ஒன்றைக் கண்டால் "கே மரவீயா!", அதாவது "என்ன அற்புதம்!" கேள்வி கேட்கும் சொல்லையே வியப்பதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறான். நாமும் அப்படித்தானே? "என்ன பாட்டு! என்ன குரல்!" என்கிறோம். யாரிடமும் விடை எதிர்பார்த்தா கேட்கிறோம்? வடநாட்டில் சங்கீதம் கேட்பவர்கள் "க்யா பாத் ஹை!" என்பார்கள். அந்த "க்யா"வும் "என்ன"தான். தெரியாததைக் கேட்கிற வாயும் வியக்கிற வாயும் ஒன்றே என்று மூன்று மொழிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

பயந்தோ திகைத்தோ போனால் ஸ்பானியன் "மாத்ரே மீயா!" என்கிறான். "என் தாயே!" என்று பொருள். "அம்மாடி!" என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாம் தந்தையையும் விட்டுவைப்பதில்லை, "அடேயப்பா!" என்று அவரையும் இழுப்போம். நம்ப முடியாத செய்தி கேட்டால் அவன் "வாயா!" என்பான். போ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. "அட, போப்பா!" என்று நாம் சொல்வது போல. எழுத்தில்தான் வாயா. ஸ்பானியர் நாக்கு வகரத்தையும் பகரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை, ஆகவே காதில் விழுவது ஏறக்குறைய "பாயா". ஆட்டுக்கால் சூப்பை நினைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

வெற்றி பெற்றவனை வாழ்த்தும்போது "வீவா!" என்று முழங்குகிறார்கள். "வாழ்க!" என்பதே அதன் நேர்ப்பொருள். குழந்தை பிறந்தாலும் தேர்வில் தேறினாலும் ஸ்பெயினில் சொல்லும் சொல் "என்னோராபுவேனா". பிரித்துப் பார்த்தால் "நல்ல நேரத்தில்" என்று வரும். காலண்டரில் நல்ல நேரம் பார்த்துப் பழகிய நமக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. "பிராவோ" என்ற சொல்லோ வேடிக்கையானது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் கைதட்டிச் சொல்லும் பாராட்டாக அது இத்தாலியிலிருந்து உலகமெங்கும் பரவியது. ஸ்பானியத்திலும் அது பாராட்டுத்தான். ஆனால் அங்கே அதற்கு முரட்டுத்தனமானது, அடங்காதது என்ற பொருளும் இருக்கிறது. சண்டைக் காளைக்கு அந்த அடைமொழியையே கொடுக்கிறார்கள். முரட்டுக் காளையின் பெயர் மெல்லிய பாடகிக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டால், நம் ஊரில் "பயல் பொல்லாதவன்!" என்று மகனை மெச்சும் தகப்பனைக் கேளுங்கள்.

தென் ஸ்பெயினின் பிளமெங்கோ ஆட்டத்தில் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே குரல் கொடுப்பார்கள். "ஓலே!" என்பார்கள். "எஸோ எஸ்!" என்பார்கள், அதாவது "அதுதான்!" "தோமா!" என்பார்கள், அதாவது "இந்தா, பிடி!" தப்படிக்கிறவனைப் பார்த்து "அப்படிப் போடு!" என்று நம் ஆட்கள் கத்துவதற்கு இது அண்ணன் தம்பி.

எழுத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு கோடும் கீழே ஒரு புள்ளியும் போடுகிறோமே, அதை நாம் ஆச்சரியக்குறி என்கிறோம். மலாயில் அதற்குக் கூவும் குறி என்று பொருள்படும் பெயர். ஆங்கிலத்திலும் உரக்கச் சொல்வதுதான் அந்தப் பெயரின் அடிப்படை. ஆனால் ஸ்பானியர் அதை "அத்மிராசியோன்" குறி என்று வழங்கினார்கள். வியப்பு என்றுதான் பொருள். அவர்களுக்கு ஒரு குறி போதவில்லை. வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழாக ஒன்று போடுகிறார்கள். கேள்விக்கும் வியப்புக்கும் முன்கூட்டியே குறியிடும் இந்த வழக்கத்தை 1754 ஆம் ஆண்டில் ஸ்பானிய அரச மொழிக்கழகம் பரிந்துரைக்க, அடுத்த நூறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நிலைபெற்றது. வாசிப்பவர் இறுதிவரை போய் ஏமாறாமல் முதலிலேயே குரலை உயர்த்திக்கொள்ளலாம். நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது. வானொலியில் எழுதிவைத்துப் படிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த அத்மிராசியோன் என்ற சொல்லுக்கு வியப்பு என்றும் பொருள், மதிப்பு என்றும் பொருள். ஒருவரைக் கண்டு திகைப்பதும், அவரை உயர்வாக நினைப்பதும் ஸ்பானியனுக்கு ஒரே சொல். தமிழில் "வியத்தல்" என்பதும் அப்படியே. அகராதியைப் புரட்டினால் அதிசயப்படுதல் என்றும் நன்கு மதித்தல் என்றும் இரண்டு பொருளும் அடுத்தடுத்து இருக்கும்.

நம் முன்னோர் இதை ஆராய்ந்தே வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் எப்படித் தோன்றும் என்பதைச் சொல்வது. எட்டு மெய்ப்பாடுகளில் வியப்புக்கு "மருட்கை" என்று பெயர். அது நான்கு காரணங்களால் பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாததைக் கண்டாலும் வியப்பு, மிகப் பெரியதைக் கண்டாலும் வியப்பு. மிக நுட்பமானதைக் கண்டாலும் வியப்பு என்று சேர்த்தாரே, அங்கேதான் அந்தப் புலவரின் கண் தெரிகிறது. நான்காவதான ஆக்கம், ஒன்று மற்றொன்றாக மாறி நிற்பது. காலையில் மங்கில் சொட்டிய வெள்ளைப் பால், மாலையில் கையால் தூக்கிப் பிடிக்கும் தகடாக ஆகிறது. நாள்தோறும் அதைச் செய்தவர்களுக்கு அது வேலை. ஓவியேதோ பார்த்திருந்தால் இன்னொரு பக்கம் எழுதியிருப்பார்.

இனி நம் சபாஷுக்கு வருவோம். பாட்டி நம்முடையது என்றார். மலாய் ஆசிரியை தம் மொழிச் சொல்லாகத்தான் எழுதினார். உண்மையில் அது பிறந்த வீடு பாரசீகம். "ஷாத் பாஷ்" என்ற இரண்டு சொற்கள். "மகிழ்ந்திரு" என்று பொருள். நன்றாகச் செய்தாய் என்று அது சொல்லவில்லை. செய்தவனை மகிழ்ச்சியாக இரு என்று வாழ்த்துகிறது. நம் "வாழ்க", ஸ்பானியரின் "வீவா", பாரசீகரின் "ஷாத் பாஷ்" மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இல்லையா?

பாரசீகம் வட இந்தியச் சுல்தான்கள், மொகலாயர் அரண்மனைகளின் மொழி. தக்காணத்தில் பீஜப்பூர், கோல்கொண்டா அரசுகளிலும் ஆர்க்காட்டு நவாபின் கச்சேரிகளிலும் புழங்கியது. அந்த வழியாகத் தமிழுக்குள் வந்த சொற்களை எண்ணி மாளாது. சிப்பாய், தர்பார், சிபாரிசு, பந்தோபஸ்து, குஷி என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சந்தையில் வாங்கியவை. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் மராத்தியர் ஆண்டார்கள். அவர்களுடைய மராத்தியிலும் "சாபாஸ்" உண்டு, "பேஷ்" உண்டு. தெலுங்கில் "பலே" உண்டு. இசையும் நாட்டியமும் செழித்த அந்தச் சபைகளில் இத்தனை மொழியின் பாராட்டும் கலந்து ஒலித்ததில் வியப்பில்லை. பாட்டு திருவையாற்றில் தெலுங்கு, கேட்பவர் தமிழர், பாராட்டு பாரசீகம்!

பிறகு சினிமா அதைப் பட்டி தொட்டியெல்லாம் கொண்டுபோயிற்று. 1958 ஆம் ஆண்டில் மட்டும் பாருங்கள். "சபாஷ் மீனா" என்று ஒரு படத்துக்கே பெயர். அதே ஆண்டு ஜெமினியின் "வஞ்சிக்கோட்டை வாலிபன்". பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும்போது பி. எஸ். வீரப்பா கம்பீரமாக ஒரு சபாஷ் போடுவாரே, அந்தக் குரலைக் காட்டிப் பேசாத இளைஞன் தோட்டத்தில் உண்டா? 1962 இல் "பலே பாண்டியா" வந்தது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளில் இந்தச் சொற்கள் நம் லயங்களுக்குள் குடியேறின.

மலாய் மொழிக்கோ அது முன்பே வந்துவிட்டது. பாரசீகமும் இந்துஸ்தானியும் பேசிய வணிகர்கள், சிப்பாய்கள், கூத்தாடிகள் பினாங்கு வழியாக வந்து போனார்கள். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு வியந்துதான் 1880 களில் பினாங்கில் பங்சவான் என்னும் மலாய் நாடகமே தோன்றியது. பழைய மலாய் எழுத்து முறையில் "ஷாபாஸ்" என்று படிக்கும்படி எழுதினார்கள். 1972 ஆம் ஆண்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்து முறையைச் சீர்திருத்தியபோது அது இப்போதைய வடிவத்தைப் பெற்றது. அதைத்தான் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மலாய்க்காரர்களுக்குச் சொந்தமான வியப்புச் சொற்கள் இல்லாமல் இல்லை. "அம்போய்!" என்பார்கள். ஒன்றை மிகவும் மெச்ச வேண்டுமானால் "புக்கான் மாயின்!" என்பார்கள், "விளையாட்டு அல்ல!" என்று பொருள். "சும்மாவா! லேசுப்பட்ட ஆளா!" என்று நாம் சொல்கிற அதே தினுசு. பாராட்டுதல் என்பதற்கு மலாயில் "பூஜி". அது பூசை என்ற வடசொல்லின் வழிவந்தது.

ஸ்பெயினிலும் இதே கதைதான் நடந்தது. 711 ஆம் ஆண்டில் அரபு மொழி பேசுவோர் அந்நாட்டில் கால்வைத்தார்கள். 1492 இல் அவர்களுடைய கடைசி அரசான கிரனாடா வீழ்ந்தது. ஆள்பவர் போனார்கள், சொற்கள் போகவில்லை. "அப்படி நடக்கட்டுமே!" என்று ஆசையைத் தெரிவிக்க ஸ்பானியர் சொல்லும் "ஓஹலா", இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது. ஓலே என்பதையும் அரபிலிருந்து வந்ததாகப் பலர் சொல்வதுண்டு. மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை, தானாக வாயில் எழுந்த ஒலி என்கிறார்கள். நம் "ஆகா" எந்த மொழியிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்?

இவ்வளவு பாராட்டுச் சொற்கள் ஊர் சுற்றுகின்றன. ஆனால் அவை எல்லா வாசலுக்கும் போனதில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டை நினைத்துப் பாருங்கள். பெயர் கூப்பிட்டார்கள், ஆள் எண்ணினார்கள். மாலையில் பாலை நிறுத்தார்கள். கிராணியின் செக்ரோலில் வந்தவருக்கு ஓர் அடையாளம், வராதவருக்கு ஓர் அடையாளம். பட்டையில் காயம் பட்டால் திட்டுவதற்கு ஆள் உண்டு. மரத்தின் உள்தோலைத் தொடாமல், பட்டையைத் தாள் போலச் சீவி எடுப்பது எத்தனை பெரிய கைத்திறன்! தொல்காப்பியர் சொன்ன சிறுமை என்னும் நுட்பம் அதுதானே. அரையிருட்டில் நெற்றி விளக்கோடு நானூறு ஐந்நூறு மரத்தில் அதைச் செய்த அம்மாக்களுக்கு, நன்று என்று ஒரு சொல் எழுத அந்தப் பேரேட்டில் இடம் விடவில்லை. எண்ணியவர்கள் இருந்தார்கள். வியந்தவர்கள் இல்லை. அந்தக் குறை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது என் எண்ணம். பாராட்டுக் கேட்டு வளராத தகப்பனுக்குப் பிள்ளையைப் பாராட்ட வாய் வருவதில்லை. எழுபது மதிப்பெண் வாங்கி வந்தால், மீதி முப்பது எங்கே என்கிறான். பிள்ளை தலைகனத்துவிடும், கண்பட்டுவிடும் என்று சமாதானம் வேறு. தன்னைத்தானே வியந்துகொள்ளாதே என்று வள்ளுவர் சொன்னது உண்மை. பிள்ளையை வியக்காதே என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

பாராட்டு தாராளமாகப் பொழிந்த இடம் ஒன்று உண்டு. அது திருவிழா இரவில் கோயில் முன்னால் நடந்த கூத்து மேடை. பகலெல்லாம் காண்டா சுமந்தவன் இரவில் கிரீடம் வைத்துக்கொண்டு அர்ச்சுனனாக நின்றான். பாட்டு உச்சிக்குப் போனதும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்துபோய் அவன் மார்பில் ஐந்து வெள்ளி நோட்டைக் குத்துவார். கட்டியங்காரன் கொடுத்தவர் பெயரைச் சொல்லி, ஆடியவன் திறமையைச் சொல்லி, நீட்டி முழக்குவான். கூட்டம் "சபாஷ்!" என்று கத்தும். ஸ்பானியக் காசுக்கு நாம் வைத்த பெயரும் பாரசீகன் கொடுத்த வாழ்த்தும் அந்தத் தொழிலாளியின் மார்பின்மீது வந்து சேர்ந்த இடம் அது. அங்கே இருந்த யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பாட்டியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ இது நம்ம சொல்லும் இல்லை, அவங்க சொல்லும் இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு சொல்லா இருந்தா என்ன, எம் பேத்திக்குத்தானே எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை வாங்கி அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அறுபது வருடத்துக்கு முன்னால் தானும் ஒட்டுப்பால் பந்து உருட்டிய கதையைப் பேத்தியிடம் சொல்லத் தொடங்கினார். பேத்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்: "அடேயப்பா! கூரைக்கு மேலயா, பாட்டி?"